பெட்டியும் பங்கும்

புதிய வீட்டின் கூடத்தில் பதினோரு அடி நீளத்தில் ஒரு சுவர் இருக்கிறது. வீடு பார்க்க வந்த எல்லோரும் அதை "டி.வி. சுவர்" என்றே சொன்னார்கள். கட்டுநர் கொடுத்த வரைபடத்திலேயே அந்த இடத்தில் ஒரு செவ்வகம் வரைந்து 'டி.வி.' என்று எழுதியிருந்தது. பிளக் பாயிண்டுகளும் அதற்கேற்ற உயரத்தில் வைக்கப்பட்டிருந்தன. புத்தக அலமாரிக்கு வரைபடத்தில் இடம் இல்லை. என் பெயரில் நான் வாங்கிய முதல் சொத்து இது. அதில் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் குடிபோவதற்கு முன்பே யாரோ முடிவுசெய்து வைத்திருந்தார்கள்.

இருந்தாலும் தொலைக்காட்சி வாங்க ஆசைதான். மதுரையில் ஒரு கடைக்கு அத்தையையும் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை, ஐம்பத்தொன்பது வயது. மாமா இறந்தபின் மகன் வீட்டில் இருக்கிறார். மாதத்தில் பத்து நாளாவது என்னிடம் வந்து தங்குவார்.

"சார் வரலையா மேடம்?" என்றுதான் விற்பனையாளர் தொடங்கினார். எந்த சார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பத்தொன்பது வயது அண்ணன் மகனிடம் திரும்பிக்கொண்டார். எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்ற விளக்கமெல்லாம் அவனுக்குக் கிடைத்தது. பணம் கட்டப்போகிற எனக்கு மாதத் தவணை விவரம் கிடைத்தது. அத்தைக்கு, "அம்மா, இதுல வாய்ஸ் ரிமோட் இருக்கு, சீரியல் பேரைச் சொன்னாலே வந்துரும்" என்ற ஒரு வரி.

அவர் சொல்லாமல் விட்டதை நான் முன்பே படித்து வைத்திருந்தேன். திரையின் அளவு என்பது அகலமோ உயரமோ இல்லை, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கான தூரம். 65 அங்குலத் திரை ஏறத்தாழ 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். 4கே படத்தை, திரை அளவைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது பொதுவான கணக்கு. எங்கள் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே எட்டடி, அதாவது 96 அங்குலம். கணக்குப்படி 65 அங்குலம் பொருந்துகிறது. கடையில் எல்லாத் திரைகளும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும், வீட்டு விளக்கில் அந்த நிறம் இருக்காது என்பதும் தெரியும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்திருந்தது. எல்லாமே 65 அங்குலத்தை நோக்கித் தள்ளின.

"உங்களுக்காகத்தான் அத்தை இவ்வளவு பெரிசு. கண்ணாடி போடாமலே தெரியும் பாருங்க" என்றேன்.

அத்தை அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அன்னைக்கும் டி.வி.தான் குடுத்தாக" என்றார்.

அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பினோம். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15இல், நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாதபோது. அதே ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1982இல் வண்ணம் வந்தது. ஆகஸ்ட் 15 விழாவும் ஆண்டின் இறுதியில் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் அதற்குக் காரணம்.

இந்தத் தேதிகளெல்லாம் அரசின் தேதிகள். வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்த தேதியைப் பெரும்பாலான பெண்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். "எங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கினது" என்பார்கள். "மூத்தவளுக்குச் சீர் செஞ்சப்போ" என்பார்கள். ஊடக வரலாறுகள் ஒளிபரப்புக் கோபுரங்களையும் நிகழ்ச்சிகளையும் கணக்கெடுக்கின்றன. சீர்வரிசைப் பட்டியல்களை யாரும் கணக்கெடுக்கவில்லை. வண்ணத் தொலைக்காட்சி நம் கூடங்களுக்குள் வந்த வழிகளில் ஒன்று கல்யாண மண்டபத்தின் வழி என்பதை நம் அம்மாக்கள் எல்லோரும் அறிவார்கள்.

சென்னை ஒளிபரப்பு தென்மாவட்டங்களை எட்டாத காலத்தில், கடலோர ஊர்களில் உயரமான ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தார்கள். 1982இல் தொடங்கிய அந்த அலைவரிசைக்கு நம் பக்கம் இருந்த ரசிகர்கள் ஏராளம். கொடைக்கானல் மலைமேல் உயர் ஆற்றல் ஒளிபரப்பு நிலையம் வந்தபின்தான் மதுரையைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் படம் தெளிவாகக் கிடைத்தது. எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அந்தப் படம் எங்கள் ஊரை எட்டிவிட்டிருந்தது.

3

1988 வைகாசியில் அத்தையின் திருமணம். எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளை வீட்டார் நகையும் பணமும் பேசி முடித்தபின், எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கலர் டி.வி. ஒண்ணு வச்சிருங்க, பிள்ளை ஆசைப்படுறான்" என்றார்களாம். தாத்தா மதுரைக்குப் போய் 20 அங்குல சாலிடேர் வாங்கிவந்தார். சாலிடேரும் டயனோராவும் சென்னை நிறுவனங்களின் பெட்டிகள். அந்தக் காலத்தில் நல்ல சீர் என்றால் அந்தப் பெயர்கள் அடிபடும்.

அது எங்கள் வீட்டில் இருந்தது மூன்று நாள். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சித்தப்பா மாடியில் ஆண்டெனாவைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது; 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஞாயிறுதோறும் வந்தது. புரியாத இந்தியில், புரிந்த கதையை ஊரே எங்கள் பட்டாசாலையில் உட்கார்ந்து பார்த்தது. ஆண்கள் கட்டிலிலும் நாற்காலியிலும், பிள்ளைகள் தரையில், பெண்கள் சமையற்கட்டு நிலைப்படியில் நின்றபடி. எங்கள் வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் வாசல் திண்ணையோடு நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தார்கள். இன்றைக்கு அதை எழுதும்போது, யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் வாய்திறந்து சொன்னதாக நினைவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அத்தை அன்று பார்க்கவில்லை. கல்யாணப் பெண் நாலு பேர் முன்னால் வந்து உட்காரக் கூடாது என்று உள்ளறையில் இருந்தார். மூன்றாம் நாள் பெட்டியை மறுபடியும் அட்டைக்குள் வைத்துக் கட்டி, பித்தளை அண்டா, கட்டில், பீரோவோடு லாரியில் ஏற்றினார்கள். நான் அழுதேன். அத்தை போவதற்கா, டி.வி. போவதற்கா என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள்.

புகுந்த வீட்டில் அந்தப் பெட்டி மாமனாரின் சாய்வு நாற்காலிக்கு எதிரே வைக்கப்பட்டது. போடுவதும் நிறுத்துவதும் அவர் கையில். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஓடும்போது அத்தை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பார். "பாட்டெல்லாம் கேட்டிருக்கேன், யாரு ஆடுனாகன்னு தெரியாது" என்று சொல்வார். செய்தி வாசிக்கும் ஷோபனா ரவியை மட்டும் பார்த்திருக்கிறார், மாமனாருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிற நேரம் அது. ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து நாட்டு நடப்பைச் சொல்ல, வீட்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்ட காட்சியை அவர் மறக்கவில்லை.

சட்டத்தைப் பார்த்தால் அந்தப் பெட்டி யாருடையது? 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் அதைக் கேட்டு வாங்கியதையே குற்றம் என்கிறது. அன்பளிப்பு என்று வாதிட்டாலும், 1985இல் வந்த விதிகளின்படி மணமகளுக்குத் தரப்பட்ட பொருட்களின் பட்டியலை எழுதி, கையெழுத்திட்டு, மணமகளே வைத்திருக்க வேண்டும். அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவியின் சீதனப் பொருட்கள் அவளுக்கு மட்டுமே உரியவை, கணவன் வீட்டார் வெறும் பாதுகாவலர்கள், திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அத்தைக்குத் திருமணம் நடந்தபோது இந்தச் சட்டமும் விதியும் தீர்ப்பும் எல்லாம் நடப்பில் இருந்தன. எங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் எழுதினார்கள். அது தாத்தாவின் இரும்புப் பெட்டிக்குள் போனது. அத்தை கையில் யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் பிறகு வேறொரு காரியத்துக்கு வெளியே வந்தது.

4

தமிழில் 'சீதனம்' என்பது 'ஸ்த்ரீதனம்' என்ற வடசொல்லின் திரிபு. பெண்ணின் செல்வம் என்று பொருள். சொல்லில் பெண் இருக்கிறாள். அதற்கு எதிரே நிற்கிற சொல் 'பங்காளி'. பங்குக்கு உரியவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். உறவுமுறையில் அது தந்தைவழி ஆண்களைக் குறிக்கும். இந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. அகராதியைப் புரட்டினாலும் கிடைக்காது, ஊர்ப் பேச்சிலும் கிடைக்காது. நம் மொழி மகளுக்குச் சீதனத்தையும் மகனுக்குப் பங்கையும் பிரித்துக் கொடுத்துவிட்டது.

சட்டமும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதி வழி வந்தது. தந்தை தானே சம்பாதித்த சொத்தை எழுதி வைக்காமல் இறந்தால் மகளுக்கும் சமபங்கு. ஆனால் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகன்களுக்கு மட்டுமே. தந்தைக்கு வரக்கூடிய பாகத்தை மட்டும் தனியே எடுத்து, அதில் மகளுக்கு ஒரு துண்டு.

1986இல் ஆந்திரம் இதைத் திருத்தியது. தமிழ்நாட்டில், செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குச் சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து, கலைஞர் ஆட்சியில் திருத்தம் வந்தது. 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவள் ஆனாள். ஆனால் ஒரு விதிவிலக்கு: அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு இது பொருந்தாது.

அத்தைக்கு அந்தத் தேதிக்குப் பத்து மாதம் முன்பு திருமணம் நடந்துவிட்டது.

இந்தப் பத்து மாதத்தின் விலை என்ன? கணக்குக்கு வசதியாக எங்கள் நிலம் ஒன்பது ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பாட்டி முன்பே இறந்துவிட்டார். தாத்தா 1996இல் இறந்தார். பழைய சட்டப்படி தாத்தா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் ஆளுக்கு மூன்று ஏக்கர். தாத்தாவின் மூன்று ஏக்கரை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்தால் அத்தைக்கு ஒரு ஏக்கர், அண்ணன் தம்பிகளுக்கு நான்கு நான்கு. கல்யாணம் ஓராண்டு தள்ளிப்போயிருந்தால் புதிய சட்டப்படி மூவருக்கும் மும்மூன்று ஏக்கர். ஒரு முகூர்த்த நாள் இரண்டு ஏக்கரைத் தின்றுவிட்டது.

அந்த ஒரு ஏக்கரும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1997இல் பாகப்பிரிவினை நடந்தபோது இரும்புப் பெட்டியிலிருந்து சீர்ப் பட்டியலை எடுத்தார்கள். இத்தனை பவுன், இத்தனை பித்தளை, ஒரு கலர் டி.வி. "உனக்குத்தான் அப்பவே எல்லாம் செஞ்சாச்சேத்தா" என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் படிக்கவைத்து, முனைவர் பட்டம் வரை கூட நின்றவர். அன்றைக்கு அவர் பேசவில்லை. திருமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அத்தை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறந்த வீட்டு வாசல் அடைபடக் கூடாது என்பதுதான் அவருடைய காரணம். 'அன்பின் காரணமாக' என்று அந்தப் பத்திரத்தில் ஒரு தொடர் இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாக எழுதுவது அது.

2005 செப்டம்பர் 9 அன்று நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், திருமணமான மகள், ஆகாத மகள் என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுசெய்யப்பட்ட பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் தொடாது. முதல் சட்டத்துக்கு அத்தை பத்து மாதம் முந்திவிட்டார், இரண்டாவதற்கு ஏழாண்டு முந்திவிட்டார். சட்டங்களின் வரலாற்றை முன்னேற்றத்தின் வரலாறாக வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். ஒவ்வொரு சட்டமும் ஒரு தேதியில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் வரை வாழ்ந்த பெண்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

5

அந்தப் பெட்டி அத்தைக்கு ஒன்றுமே தரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

1993 ஏப்ரல் 14இல் சன் டி.வி. தொடங்கியது. மாமனார் காலமானபின், சாய்வு நாற்காலி இடம் மாறியது. கேபிள் வந்தது. 'சித்தி'யும் 'மெட்டி ஒலி'யும் 'கோலங்க'ளும் அத்தையின் மாலை நேரத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்தன. ஏழு மணிக்குள் சமையலை முடித்துவிட்டு உட்காருகிற உரிமையை அவர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. தொடர் போடும் நேரமே அதை அவருக்கு வாங்கித் தந்தது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பனின் கதை 'மெட்டி ஒலி'. சீர் என்ற பெயரில் நடக்கும் அத்தனை அவமானமும் அதில் இருந்தது. 'கோலங்க'ளில் ஒரு பெண் கட்டடத் தொழில் நடத்தினாள். அழுகைத் தொடர், மாமியார் மருமகள் சண்டை என்று படித்தவர்கள் கேலி செய்தோம், நானும் செய்தேன். அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் விளம்பர இடைவேளையில் அதை வைத்துத் தங்கள் வீட்டுக் கதைகளைப் பேசினார்கள். நேரடியாகச் சொல்ல முடியாததைச் சரோவின் பெயரால் சொன்னார்கள்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் எடுத்த தரவுகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேபிள் தொலைக்காட்சி வந்த கிராமங்களில், கணவன் அடிப்பதை ஏற்கலாம் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது என்பது அவர்கள் கண்டது. இதற்கு முன்பே பூர்ணிமா மங்கேகர் டெல்லிப் பெண்களோடு உட்கார்ந்து தொடர்களைப் பார்த்து, 1999இல் நூலாக எழுதினார். திரை தேசத்துக்கேற்ற பெண்ணை உருவாக்க முயன்றது, பார்த்த பெண்களோ அதைத் தங்கள் வாழ்க்கையோடு வைத்து வாதிட்டார்கள் என்பதை அந்த நூல் காட்டியது. பெண்கள் தொலைக்காட்சியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பிறகு 2006. தி.மு.க.வின் தேர்தல் வாக்குறுதிப்படி, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவை கொடுக்கப்பட்டன. நடுத்தர வர்க்கம் சிரித்தது. எனக்கு நினைவுக்கு வருவது திண்ணையோடு நிறுத்தப்பட்ட பிள்ளைகள். அவர்கள் வளர்ந்து குடும்பமாகி, யார் வீட்டுச் சன்னலிலும் நிற்காமல் தங்கள் வீட்டிலேயே படம் பார்த்தார்கள். அரசியல் கட்சிகள் இப்படி வாக்குறுதி கொடுக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது.

அந்தப் பெட்டிகள் குடும்ப அட்டைக்குக் கொடுக்கப்பட்டன. குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் அப்போது பெரும்பாலும் ஆணின் பெயர்தான். வீட்டின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்று 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் வரை அதுவே வழக்கம். தகப்பன் கொடுத்தாலும் அரசு கொடுத்தாலும், பெட்டி பெண்ணின் கண்ணுக்கு எதிரே இருந்தது, பெயர் வேறொருவருடையதாக இருந்தது.

6

கடையிலிருந்து திரும்பிய அன்று இரவு நான் என் கணக்கைப் போட்டேன்.

2018இல் அப்பா தன் பாகத்தை வீட்டுமனை போடுகிறவருக்கு விற்றார். பணத்தை எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். மகளுக்கும் சமபங்கு கொடுத்தவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். எனக்கும் அதில் பெருமைதான், மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பணம்தான் இந்த வீட்டுக்கு முன்பணம். மிச்சத்துக்கு வங்கிக் கடன். பெண்கள் பெயரில் பதிவாகும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை உண்டு. என் வீடு அந்த வரம்பைத் தாண்டியது, சலுகை கிடைக்கவில்லை. முழுக் கட்டணத்தையும் கட்டி என் பெயரில் பதிந்தேன்.

அதே ஒன்பது ஏக்கர்க் கணக்கில், அப்பாவுக்கு வந்தது நாலரை. அத்தையின் ஒரு ஏக்கரில் பாதி அதில் இருக்கிறது. அதில் பாதி எனக்கு வந்திருக்கிறது: 25 சென்ட். புதிய சட்டத்தின் நியாயத்தை எடுத்துக்கொண்டால் அத்தைக்கு மூன்று ஏக்கர். அப்போது என்னிடம் இருப்பது 75 சென்ட். என் பெயரில் இருக்கிற இந்த வீட்டின் கூடமோ படுக்கையறையோ அத்தையுடையது. பெண்ணின் சொத்துரிமை பற்றி நான் எழுதிய கட்டுரைகளில் இழந்தவளாகவே என்னை வைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன். பங்காளி என்ற சொல்லுக்குப் பெண்பால் இல்லை என்று மேலே எழுதினேன். அத்தையின் நிலத்தைப் பொறுத்தவரை நானும் ஒரு பங்காளிதான்.

கடையில் நான் செய்தது என்ன என்பது அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. நிலத்தை வைத்துக்கொண்டு டி.வி. வாங்கிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். தாத்தா கொடுத்தது 20 அங்குலம். நான் கொடுக்க நினைத்தது 65 அங்குலம், பரப்பளவில் ஒன்பது மடங்குக்கும் மேல். நாங்கள் இருவரும் அதை அன்பு என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்த முறை அத்தை வந்தபோது தாளைக் காட்டி விளக்கினேன். அத்தை நிதானமாகக் கேட்டார்.

"ஒண்ணுல இருபத்தஞ்சுங்குற, ஒண்ணுல எழுவத்தஞ்சுங்குற. எதுத்தா நெசம்?"

"சட்டப்படி ரெண்டுமே இல்ல அத்தை. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

"அப்ப நீ எந்தக் கணக்குல குடுக்கப்போற?"

அழுவார், வேண்டாம் என்பார், "நீ நல்லா இருந்தாப் போதும்" என்பார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். அந்த எதிர்பார்ப்பும் தொடர்களிலிருந்து வந்ததாக இருக்கலாம். அவர் கடன்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எழுபத்தைந்து என்றேன். 2018இல் விற்ற விலையை வைத்துத் தொகையை எழுதினோம். ஒரே தடவையில் கொடுக்க என்னால் முடியாது. வீட்டுக் கடன் போக மாதாமாதம் கொடுத்தால் பல ஆண்டுகள் ஆகும்.

அண்ணனிடம் சொன்னேன். "அப்பா பேரைக் கெடுக்குற" என்றான். சித்தப்பா வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. பத்திரப்படி எல்லாம் முடிந்த விஷயம் என்பதில் அவர்கள் சொல்வது சரிதான். அப்பாவின் பெயரை நினைத்து நானும் சில இரவுகள் தூங்கவில்லை. அன்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது என்றே நம்புகிறேன்.

என் மாணவிகளிடம் இப்போது ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டில் இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படித்து, அதில் அத்தைகளின் பெயர் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். பெற்றுக்கொண்டவர் பட்டியலில் வருகிறதா, விட்டுக்கொடுத்தவர் பட்டியலில் வருகிறதா, வரவே இல்லையா. தேதியைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன சட்டங்களின் தேதிகளுக்கு அருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் மறுநாள் வகுப்புக்கு அமைதியாக வருகிறார்கள். சிலரிடம் பத்திரத்தைக் காட்டவே வீட்டில் மறுத்துவிடுகிறார்கள்.

தொலைக்காட்சி வாங்கினோம். 43 அங்குலம். அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை, சுவரில் மிச்சமிருந்த இடத்தில் புத்தக அலமாரி வந்துவிட்டது. 65 அங்குலத்துக்கு ஒதுக்கியிருந்த பணத்தில் மீந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். நிலத்தின் கணக்கில் அது மிகவும் சின்னத் தொகை. முதல் தவணையாக அத்தையின் வங்கிக் கணக்கில் போட்டேன். அவருக்கென்று தனியாகக் கணக்கு தொடங்கவே இரண்டு முறை வங்கிக்குப் போகவேண்டியிருந்தது. "மகன் பேரையும் சேர்த்துப் போட்டுக்கலாமே" என்று அங்கே ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் தேதியையும் தொகையையும் எழுதினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். 1997க்குப் பிறகு அந்த நிலத்தின் பேரில் அவர் போடுகிற முதல் கையெழுத்து அது. இந்த முறை 'பெற்றுக்கொண்டேன்' என்ற சொல்லுக்குக் கீழே.